இரண்டரை மணி நேரச் செவ்வாய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தொழில் தர்மம் பற்றி நான் நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். கேட்டவர் மாதிரிக்கு ஒரு கட்டுரையும் அனுப்பியிருந்தார். தகவலைத் திருடக் கூடாது, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. இதைச் சொல்வதற்கு ஓய்வு பெற்ற ஒருத்தி எதற்கு? அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் போதும்.

திருடாதே என்பதில் தர்மசங்கடம் எதுவும் கிடையாது. நிஜமான தர்மசங்கடம் வரும்போது பாதி நேரம் சிரிப்புத்தான் வரும். எனக்கு அது செவ்வாய் தோஷமாக வந்தது.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே டிராக்டர் உதிரிபாகக் கடை, மாடியில் நாங்கள். அரிசி ஆலைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித்தான் கம்பெனி ஆரம்பித்தது. கல்யாணப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் பின்னால் வந்தது. வந்த வேகத்தில் ஆலைகளை ஓரம் கட்டிவிட்டது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் ஜாதகக் கட்டம் வரும். இரண்டு பேருடையதைச் சேர்த்துக் கொடுத்தால் பொருத்தம் வரும். பதிந்து வைத்தவர்களிலிருந்து பொருந்துகிற வரனையும் தேடிக் கொடுக்கும். தலையில் பிள்ளையார் படத்தோடு அச்சாகும் அந்தத் தாளை ஜனங்கள் லேமினேட் செய்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பிளாஸ்டிக்கில் மஞ்சள் ஒட்டாது. அதனால் அழுத்தித் தடவுவார்கள்.

இதை எழுதிய குழுவுக்கு நான் தலைமை. எனக்கோ ஜாதகமே கிடையாது. என் அப்பா அம்மா திருவாரூர்ப் பக்கத்தில் ஐயர் இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன் என்று கேட்டால், “பால் கறக்குற நேரம்” என்று சொல்லி அம்மா முடித்துவிடுவார். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் நாத்திகனைப் போல அந்த வேலையைப் பார்த்தேன். பூ வாடாமல் இருந்தால் சரி, சாமி அவரவர் பாடு.

எங்கள் முதலாளி நேர் எதிர். ராகுகாலத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய விடமாட்டார். ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் படுத்துவிட்டது. ஒன்பது மணி ஆகட்டும் என்று சொல்லி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அந்த மென்பொருளை விற்றது வியாபாரத்துக்காக மட்டுமல்ல, முழுசாக நம்பித்தான் விற்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரே மகன் கார்த்தி. எங்களிடமே விற்பனைப் பிரிவில் இருந்தான். சோதனைப் பிரிவில் யாழினி இருந்தாள். மற்றவர்கள் எழுதும் நிரலில் ஓட்டை, எங்கள் பாஷையில் பக், கண்டுபிடிப்பது அவள் வேலை, அதில் கெட்டிக்காரி. அப்பாவுக்குப் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி. அதற்கு முன் அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், யாழினி பிறந்தது அங்கேதான். கார்த்தியும் யாழினியும் ஒருவரை ஒருவர் விரும்புவது கீழே உதிரிபாகக் கடைக்காரர் வரைக்கும் தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது.

காதல் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஜாதகம் பொருந்துகிறது என்றால் கேள்வி கேட்க மாட்டார். ஆகவே எங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருந்த பர்வீன் ஒரு வழி கண்டாள். பர்வீனுக்கு அந்த வருஷத்து முகூர்த்த நாள் அத்தனையும் மனப்பாடம், தோஷம், நிவர்த்தி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. போனில் பேசும் மாமிகள் அவளை எந்த ஊர் என்று கேட்பார்களே தவிர பெயர் கேட்க மாட்டார்கள். அவள் யாழினியின் விவரத்தைப் பதிந்து, முதலாளி மகனுக்குப் பெண் தேடும்போது முதலில் வந்து நிற்கும்படி செய்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. மென்பொருள் தானாகவே பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றும், செவ்வாய் தோஷம் இல்லை என்றும் சொன்னது.

முதலாளி தரையில் நிற்கவில்லை. “மேடம், நம்ம சாஃப்ட்வேரே நம்ம மருமகளைக் கண்டுபிடிச்சிருக்கு பாத்தீங்களா. அதுவும் நம்ம ஆபீஸ்லயே உக்காந்திருக்கு” என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாழினி அதை முதல்முறை கேட்பவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குள்ளேயே, புதிய பேருந்து நிலையத்தில் வைப்பதற்கென்று பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று அடித்துவிட்டார். கார்த்தியும் யாழினியும் பல் தெரியச் சிரிக்க, கீழே, ‘எங்கள் மென்பொருள் தேடித் தந்த மருமகள்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் புதிய பதிப்பு சோதனைக்குப் போனது. ஒரு நாள் மதியம் யாழினி நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒரு பக் இருக்கு.”

“பதிஞ்சுடேன். அதுக்கு எதுக்கு இவ்வளவு மெதுவா சொல்ற?”

“என் ஜாதகத்துல இருக்குக்கா.”

சோதனைக்குத் தெரிந்த ஆளின் விவரம் வேண்டும் என்று அவள் தன்னுடையதையே போட்டிருக்கிறாள். காலை ஏழு மணி, சிங்கப்பூர். அவள் பிறந்தபோது ஜன்னலில் சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்தது என்று அவள் அம்மா ஓயாமல் சொல்வாராம். சூரியன் உதிக்கிற நேரத்தில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் லக்னத்தில், அதாவது முதல் வீட்டில் இருக்க வேண்டும். ஜாதகத்தை நம்பாத எனக்கே அது தெரியும். எங்கள் மென்பொருள் சூரியனைப் பன்னிரண்டாம் வீட்டில் வைத்திருந்தது. ஏன் என்று தோண்டியிருக்கிறாள்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்கள் மென்பொருளுக்கு அது தெரியாது. கும்பகோணத்துக்காரரும் மன்னார்குடிக்காரரும் மட்டும் உலகத்தில் பிறப்பதாக நினைத்து எழுதிய நிரல் அது. பிறகு சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று ஊர்களைச் சேர்த்தோம். ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கொடுத்தோம், அந்த ஊர்க் கடிகாரத்தை மறந்துவிட்டோம். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் நம்மூர் மணியில் ஜாதகம் கணித்துக்கொண்டிருந்தோம். இரண்டரை மணி நேரம் தள்ளினால் லக்னம் ஒரு வீடாவது நகர்ந்துவிடும்.

“சரி பண்ணிப் பாத்தியா?”

“பாத்தேங்கா. ஆறுல இருந்த செவ்வாய் ஏழுக்கு வந்துடுச்சு.”

ஏழில் செவ்வாய் என்றால் தோஷம். அந்தப் பெண்ணைக் கட்டுகிறவனுக்கு ஆயுள் ஆகாது என்று நம்புகிற ஊர் இது. முதலாளி அதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இந்தக் கணக்கே பொய். பொய்யில என்ன சரி, என்ன தப்பு? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பதிஞ்சுக்கலாம்.” எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு பேயை இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு மாற்றுவதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பார்களா?

யாழினி விரல் நகத்தைப் பார்த்தபடி கேட்டாள். “எனக்கு இருக்கறது இல்லேன்னு வந்திருக்கு. அப்ப யாருக்கோ இல்லாதது இருக்குன்னும் வந்திருக்கும்ல?”

பர்வீனைக் கேட்டோம். அவள் யோசிக்கக்கூட இல்லை. “தரங்கம்பாடி அம்மா” என்றாள். வாரா வாரம் போன் செய்கிறவர். மகள் மலேசியாவில் பிறந்தவள், எட்டில் செவ்வாய் என்று எங்கள் தாள் சொன்னது, அதுவும் தோஷம்தான். வருகிற வரன் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. வேறு ஏதாவது பரிகாரம் உண்டா என்று பர்வீனிடம் அழுவார், பர்வீனும் அவளுக்குத் தெரிந்த கோயிலையெல்லாம் சொல்வாள். அந்தப் பெண்ணின் விவரத்தைத் திருத்திய நிரலில் போட்டோம். செவ்வாய் ஒன்பதுக்குப் போனது. தோஷம் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை.

யாழினி எழுந்து போய்த் தன் பெயரிலேயே பிழையைப் பதிந்தாள். முக்கியத்துவம் என்ற இடத்தில் ‘மிக அவசரம்’ என்று போட்டாள்.

அதன் பிறகு நான்தான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் கடிகாரத்தைக் குற்றம் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும், அதுவும் சரியாக இரண்டரை மணி நேரம் தப்பாக ஓடியிருக்கும் என்றார். கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மேடம், ஒரு விதி சேத்துடலாம். கடல் தாண்டிப் பொறந்தா செவ்வாய்க்கு வீரியம் கிடையாது.”

“எந்த சாஸ்திரத்துல சார் இருக்கு?”

“அந்தக் காலத்துல யாரு கடல் தாண்டிப் பிள்ளை பெத்தா? அதனால எழுதாம விட்டிருப்பாங்க. நாம எழுதுவோம்.”

“எந்தக் கடல் சார்? வங்காள விரிகுடா மட்டுமா? துபாய்ல பொறந்தவங்களுக்கு அரபிக் கடலும் சேத்துக்கணுமே.”

அவர் இதை உண்மையாகவே யோசித்தார். “ரெண்டையும் போடுங்க.”

“இலங்கை?”

“அது ஆழம் கம்மி. பாதி தோஷம் கழிச்சுக்குங்க.”

சிரிக்காதீர்கள். அங்கே நின்றுகொண்டிருந்த எனக்கு அது சிரிப்பாக இல்லை. மற்ற விதிகளும் என்றோ யாரோ உட்கார்ந்து எழுதியவைதானே, இவர் ஒன்று எழுதினால் என்ன என்று என் மூளை வாதாடியது. கடைசியில் நான் சொன்னேன்: “விதி உங்களோடது சார், சொன்னா எழுதிடறேன். ஆனா கணக்கு எங்களோடது. அதை முதல்ல திருத்தணும். தப்பா வாங்கிட்டுப் போனவங்க எல்லாருக்கும் சொல்லணும்.”

“சொல்லவே கூடாது. கம்பெனி பேரு என்னாகறது?”

நான் வாதம் செய்யவில்லை. பர்வீனைக் கூப்பிட்டு, தரங்கம்பாடி அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போடச் சொன்னேன். முதலாளி தடுப்பதற்குள் அந்த அம்மா எடுத்துவிட்டார். பர்வீன் தன்மையாக, மறைக்காமல் சொன்னாள். கணக்கில் தவறு எங்களுடையது, உங்கள் பெண்ணுக்குத் தோஷம் எதுவும் இல்லை, எங்களை மன்னிக்க வேண்டும்.

அந்தப் பக்கம் மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போவது கேட்டது. பிறகு அந்த அம்மா கேட்டார், “அப்ப எம்பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லையாம்மா? நானே அவளை ராசி கெட்டவன்னு திட்டியிருக்கேனே.”

பர்வீன் அழுதுவிட்டாள். முதலாளியைப் பார்த்தேன். கை இரண்டையும் கூப்பியிருந்தார், போனைப் பார்த்து. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நம்பாதவளான எனக்கு அது ஒரு பக், அவ்வளவுதான். நம்புகிறவருக்கு அது பாவம். குற்றமில்லாத ஒரு பெண்ணின் தலையில் செவ்வாயைத் தூக்கி வைத்தவராகிவிட்டார் அவர். கடல் விதியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள், வெளிநாட்டில் பிறந்ததாகப் பதிந்திருந்த அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பச் சொன்னார்.

மறுநாள் போன்கள் ஓயவே இல்லை. ஒரத்தநாட்டில் பிறந்த ஒருவர், தனக்கும் இரண்டரை மணி நேரம் கிடைக்குமா என்று கேட்டார். ஒருவர், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துச் சொல்கிறீர்களே, இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று மனைவி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார். ஒரு பெண்மணி, பொருத்தம் இல்லையென்று வந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம், இப்போதுதான் அந்த மனுஷனைப் பழக்கி வைத்திருக்கிறேன் என்றார். கம்பெனி பெயர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தப்பைத் தானே ஒத்துக்கொள்கிற ஜோசியத்தை ஜனங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் நம்புகிற மனிதர் பாதியோடு நிற்க மாட்டார். செய்தி அனுப்பிய அதே நேர்மையோடு முதலாளி நிச்சயதார்த்தத்தையும் நிறுத்தினார். யாழினியை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லும்போது என்னையும் உடன் இருக்கச் சொன்னார்.

“உன் மேல ஒரு குறையும் இல்லம்மா. உன்னை மாதிரி ஒரு பொண்ணு கிடைக்காது. ஆனா அவன் எனக்கு ஒத்தப் பிள்ளை.”

“புரியுது சார்.”

“வாழை மரத்துக்குத் தாலி கட்டிட்டு அப்புறமா கட்டலாம்னு சில பேரு சொல்றாங்க.”

“நான் பக் ரிப்போர்ட் பண்ணேன் சார். மரத்தைக் கட்டிக்கறதா சொல்லலை.”

சொல்லிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த சோதனையை ஓட்டினாள். எனக்கு அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம், செவ்வாய் மேல் சொல்ல முடியாத கோபம். ஃபிளெக்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். தம்பி அதைக் கொள்முதல் நிலையத்தில் எடை போடக் காத்திருந்த தன் நெல் குவியல் மேல் மூடினார். மழைக்காலம் பாருங்கள். முதலாளி தன் ஊருக்குப் போகிற வழியில்தான் அந்தக் குவியல். போகும்போதும் வரும்போதும் மகனும் மருமகளும் மழையில் நனைந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்தச் சமயத்தில் கார்த்தி என்னிடம் வந்தான். கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, என் ஜாதகத்துலயும் செவ்வாயை ஏழுல வச்சிடுங்க” என்றான்.

இருவருக்கும் தோஷம் இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகிவிடும் என்பது விதி. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். அப்பா சந்தோஷமாகச் சம்மதிப்பார், யாழினி அழ வேண்டாம், யாருக்கும் ஒரு சேதாரமும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கை துறுதுறுத்தது. பணத்துக்காகக் கேட்டிருந்தால் வெளியே போ என்று சொல்லியிருப்பேன். நல்ல காரணத்துக்காகக் கேட்கும்போதுதான் இல்லை என்று சொல்வதற்கு வாய் வராது. உங்களிடமும் ஒரு நாள் நல்ல பையன் ஒருவன் நல்ல காரணத்தோடு வந்து கதவைச் சாத்துவான்.

என்னைத் தடுத்தது அந்தத் தரங்கம்பாடிப் பெண்தான். அவளுக்குச் செய்ததைத் தெரியாமல் செய்தோம். இதைத் தெரிந்தே செய்ய வேண்டும். அப்புறம் கார்த்திக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அந்த மனிதர் என் பொய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் தைரியமாக இருப்பார்.

“முடியாது தம்பி” என்றேன். “பொய்யா ஒரு தாளைக் காட்டறதுக்கு, அப்பாகிட்ட நேரா ஒரு சண்டை போட்டுடேன்.”

“சண்டையெல்லாம் எனக்கு வராதுங்கக்கா.”

“விற்பனையில இருக்கல்ல, கத்துக்க.”

அவன் போட்ட சண்டை ஒரு வரிதான். பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முப்பது நாள் கெடு முடிந்து நாளும் வாங்கிய பிறகு, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னானாம். “வெள்ளிக்கிழமை எனக்கும் யாழினிக்கும் பதிவுக் கல்யாணம்ப்பா. பதினொரு மணிக்கு.”

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம்.

நானும் பர்வீனும் சாட்சிக் கையெழுத்துக்குப் போயிருந்தோம். யாழினியின் அப்பா அம்மா பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கூடை தேங்காயோடு வந்திருந்தார்கள். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி ஆட்டோவில் வந்து இறங்கி, மூச்சு வாங்க வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“நான் கல்யாணத்துக்கு வரலை” என்றார் எங்களிடம். “நேரம் பாக்க வந்தேன். செவ்வாயோட ராகுவும் சேந்தா பிள்ளை தாங்க மாட்டான். பன்னெண்டு வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது.”

அலுவலர் கடுகடுத்தார். முதலாளி அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார், அவருடைய மகளுக்கு எப்போது கல்யாணம் என்று விசாரித்தார், ஜாதகம் இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு அடித்ததும் தானே கதவைத் தள்ளி வழிவிட்டார். உள்ளே அலுவலர் யாழினியிடம் பிறந்த தேதியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

“நேரம் வேணாங்களா?” என்றார் முதலாளி.

“நேரம் எதுக்குங்க?”

மூன்றாவது சாட்சிக்கு ஆள் இருக்கிறதா என்று அலுவலர் கேட்டார். யாழினியின் அப்பா முன்னால் வருவதற்குள், முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். போட்ட அவசரத்தில் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகு அவர் யாழினியை எந்த மரத்துக்கும் கூட்டிப் போகவில்லை, எந்தப் பரிகாரமும் செய்யச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் காலையில் தான் மட்டும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பஸ் ஏறுவார். செவ்வாய்க்கான கோயில் அது. மருமகளுக்காகவா மகனுக்காகவா என்று நான் கேட்டதில்லை. இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். கார்த்திக்கு இதுவரை வந்தது தொப்பை மட்டும்தான். தரங்கம்பாடிப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மா எங்களுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார், அதை நல்ல செய்தியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் யாழினி மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தக் குழந்தை பிறந்த அன்று, தாத்தா பிரசவ அறைக்கு வெளியே மூன்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்று நொடி முதற்கொண்டு குறித்துக்கொண்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“ஜாதகத்துல செவ்வாய் எங்கே இருக்காம்?” என்று சும்மா சீண்டினேன்.

“இன்னும் கணிக்கவே இல்லக்கா. எங்க யாரையும் கணிக்கவும் விடமாட்டேங்கறாரு.”

குழந்தைக்கு நாலு வயது ஆகிறது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கட்டம் போட்டுக் கொடுத்த மனிதர். என்னதான் காரணம் சொல்கிறார் என்று கேட்டேன்.

“டெஸ்டிங் முடியலையாம்.”